நினைவும் ஓர் அமானிதம்



கோவளத்துக்கு வருவோர் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகவே வருகின்றனர். ஒன்று கடல், மற்றொன்று தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் தர்கா. பெருமானார் (ஸல்) அவர்களின் தோழர் ஒருவர் இங்கே அடங்கியிருக்கிறார் என்பது இக்கரையில் தலைமுறை தலைமுறையாக நிலவிவரும் நம்பிக்கை. அவருடைய உடல் ஒரு பேழையில் கடல்வழியே வந்து சேர்ந்தது என்று பெரியவர்கள் சொல்லிவந்திருக்கின்றனர். வரலாற்று ஆசிரியர்கள் இதற்குச் சான்று கேட்கலாம். அந்த விவாதத்துக்குள் நாங்கள் இங்கே நுழையவில்லை. எங்கள் கவனத்தை ஈர்ப்பது இந்த ஊர் அக்கதையை எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது என்பதே. தொலைவிலிருந்து வந்த ஒருவரைக் கரை ஏற்றுக்கொண்டது; அவருக்கு இடம் கொடுத்தது; மரியாதை செய்தது. 'அன்சாரி' என்னும் பெயரே ஊரைவிட்டு வந்த முஹாஜிர்களுக்கு வீட்டையும் உணவையும் பகிர்ந்தளித்த மதீனத்து மக்களை நினைவூட்டுவதல்லவா?

இதே கரையில் ஒரு கோட்டையும் இருந்தது. கருநாடக நவாபுகளின் காலத்தில் இத்துறை சாதத் பந்தர் என்று பெயர் பெற்றது. 1752இல் ராபர்ட் கிளைவின் படை அக்கோட்டையைக் கைப்பற்றியது. அது நின்ற இடத்தில் இன்று ஒரு நட்சத்திர விடுதி இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால் விடுதியின் பெயரைச் சொல்வார்கள்; கோட்டையைப் பற்றி அறிந்தவர் அரிது. இனிய நினைவு தானாகவே வாழ்ந்துவிடுகிறது. அதைச் சொல்வோருக்கும் கேட்போருக்கும் அதில் மகிழ்ச்சி உண்டு. கசப்பான நினைவுக்கோ எவரேனும் காவல் இருந்தாக வேண்டும். காவல் இல்லையெனில் இரண்டே தலைமுறைகளில் அது மணலுக்குள் போய்விடுகிறது.

அப்படி மணலுக்குள் போய்க்கொண்டிருக்கும் ஒரு நினைவைப் பற்றியே இங்கே எழுதுகிறோம். அது நடந்தது கோவளத்தில் அன்று. இதே வங்கக் கடலின் தெற்கே, நம் மொழியையே பேசும் மக்களிடையே நடந்தது.

புத்தளத்திலிருந்து வந்த உம்மா

சில ஆண்டுகளுக்கு முன், மருத்துவத்துக்காகச் சென்னைக்கு வந்திருந்த இலங்கைக் குடும்பம் ஒன்று, உறவினர் வழியாக அறிமுகமாகி, ஒரு வியாழன் இரவு எங்கள் வீட்டில் தங்கியது. தர்காவில் ஜியாரத்தை முடித்துவிட்டு வந்த அந்த மூதாட்டியிடம், "உங்கள் ஊர் எது உம்மா?" என்று வழக்கமான ஒரு கேள்வியைத்தான் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை.

"பிறந்தது யாழ்ப்பாணம் மகள், சோனகத் தெரு. இப்ப இருக்கிறது புத்தளத்தில்" என்றார்.

"திருமணம் ஆகிப் போனீர்களா?"

"இல்லை மகள். போகச் சொன்னவங்க."

அதன் பிறகு அவர் சொன்னதை நாங்கள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அழுகையோ சாபமோ அவர் சொல்லில் இல்லை. பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண் வாசலில் நின்று அழுததைச் சொன்னார். அவள் கொடுத்தனுப்பிய ஒரு போத்தல் தண்ணீரைச் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்த பின், "இது உங்கட ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியுமா மகள்?" என்று கேட்டார்.

அருகில் எங்கள் மகன் இருந்தான். கல்லூரியில் படிப்பவன். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதும், 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் கொல்லப்பட்டதும், 2009இல் முள்ளிவாய்க்காலில் நேர்ந்த பேரழிவும் அவனுக்குத் தெரியும். 1990 அக்டோபர் என்று ஒன்று உண்டு என்பதை அவன் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான். அவன் படித்த நூல்களிலோ, கேட்ட மேடைப் பேச்சுகளிலோ, பார்த்த திரைப்படங்களிலோ அது இடம் பெற்றிருக்கவில்லை.

அந்த அக்டோபரில் நடந்தது

அறியாத குடும்பங்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

1990ஆம் ஆண்டு, இலங்கையின் கிழக்கிலும் வடக்கிலும் வாழ்ந்த முஸ்லிம்களுக்கு இருண்ட ஆண்டாக அமைந்தது. ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. காத்தான்குடியின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள்மீது ஆயுததாரிகள் சுட்டனர். சிறுவர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் தொழுகை வரிசையிலேயே ஷஹீதாயினர். அந்தக் குண்டுகள் துளைத்த சுவரை இன்றும் பூசி மறைக்காமல் வைத்திருக்கின்றனர். அடுத்த வாரத்தில் ஏறாவூரில் நள்ளிரவில் வீடு புகுந்து, பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். இரண்டையும் விடுதலைப் புலிகள் இயக்கத்தினரே செய்தனர் என்று உயிர் தப்பியோர் சாட்சி கூறினர்.

அக்டோபரில் அவ்வியக்கம் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறக் கட்டளையிட்டது. அக்டோபர் நடுவில் சாவகச்சேரியில் தொடங்கி, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாவின் பகுதிகள் என்று ஊர் ஊராக அந்த உத்தரவு சென்றது. மன்னார்த் தீவின் மக்கள் படகுகளில் ஏற்றப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். யாழ்ப்பாண நகரில் அக்டோபர் 30ஆம் நாள் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. குடும்பத்துக்கு ஒருவர் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வர வேண்டும் என்றனர். அங்கே கூடியோரிடம், இரண்டு மணி நேரத்துக்குள் நகரை விட்டு நீங்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. மாற்றுடையும் சில நூறு ரூபாயும் தவிர வேறு எதையும் எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. சோதனைச் சாவடிகளில் பெண்களின் காதணிகள்கூடக் கழற்றி வாங்கப்பட்டன.

ஏறத்தாழ 75,000 பேர். தையற்காரர்கள், இரும்பு வணிகர்கள், மீனவர்கள், உழவர்கள், ஆசிரியர்கள். பல நூற்றாண்டுகளாகத் தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, அந்த மண்ணிலேயே தம் முன்னோரை அடக்கம் செய்தவர்கள். இரண்டே வாரங்களில் வடமாகாணத்தில் முஸ்லிம் என்று சொல்லிக்கொள்ள அநேகமாக எவரும் இல்லாமற்போயினர்.

பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தனர். அங்கிருந்த முஸ்லிம்கள் செல்வந்தர்கள் அல்லர். ஆயினும் தம் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தோட்டங்களையும் திறந்துவிட்டனர். தென்னங்கீற்றுக் குடிசைகளில் தொடங்கிய அந்த வாழ்வு இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது. காலம் செல்லச் செல்ல நிலத்துக்கும் பள்ளி இடங்களுக்கும் வேலைக்கும் போட்டி எழுந்தது, மனக்கசப்பும் வந்தது. புத்தளத்திலேயே பிறந்த பிள்ளைகளும் 'அகதி' என்றே அழைக்கப்பட்டனர். மதீனாவின் அன்சாரிகள் செய்தது எத்தனை பெரிய காரியம் என்பது, அதே சோதனை நம் காலத்து மக்களுக்கு வரும்போதுதான் புரிகிறது.

ஏன் பேசப்படுவதில்லை?

தமிழ்நாட்டில் ஈழத்தமிழரின் துயர் ஓர் அறப் பிரச்சினையாகவே பார்க்கப்பட்டு வந்திருக்கிறது. அது நியாயமே. 1983இலும் 2009இலும் இங்குள்ள முஸ்லிம்களும் ஏனையோரோடு சேர்ந்து தெருவில் நின்றனர். அந்தத் துயரத்தை நினைவுகூரும் இடத்தில் 1990ஐப் பேசினால், "இது தமிழருக்கு எதிரான பேச்சு" என்று எவரேனும் சொல்லிவிடுவரோ என்ற தயக்கம் பலருக்கு உண்டு. மறுபுறம், 1990ஐத் தூக்கிப் பிடித்துத் தமிழரின் துயரத்தையே சிறுமைப்படுத்துவோரும் இருக்கின்றனர். முதலாமவர் ஒரு துயரைக் காக்க இன்னொன்றை மறைக்கின்றனர். இரண்டாமவர் ஒரு துயரை எடுத்து இன்னொன்றை அடிக்கின்றனர். இரு சாராரிடமும் அந்தப் புத்தளத்து உம்மாவுக்கு இடம் இல்லை.

இந்த இரண்டுக்கும் வெளியே நின்ற மனிதர்களும் இருந்தனர் என்பதே நமக்கு ஆறுதல். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, அதற்காக 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதையை எழுதியவர் கிழக்கிலங்கையின் எம்.ஏ. நுஃமான் என்னும் முஸ்லிம் கவிஞர். தமிழரின் இழப்பைத் தம் இழப்பாக எண்ணினார் அவர். 1990இல் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, அதை உடனுக்குடன் பதிவுசெய்து கண்டித்தோரில், மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பினர் முதன்மையானோர். யாழ்ப்பாணத்தில் அவ்வமைப்பை உருவாக்கியோர் தமிழர்கள். அவர்களுள் ஒருவரான ராஜினி திராணகம 1989இலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அந்த ஆபத்தை நன்கு அறிந்தவர்களே தம் சமூகத்தின் பெயரால் நடந்த அநீதியை எழுதிவைத்தனர். மன்னார் மண்ணைச் சேர்ந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிக்கொண்டே, வெளியேற்றப்பட்டோரின் ஊர்களையும் குடும்பங்களையும் இழப்புகளையும் ஆண்டுக்கணக்கில் திரட்டி ஆவணமாக்கினார். 2018இல் அவர் மறைந்தார். அல்லாஹ் அவருக்கு அருள் செய்வானாக.

தவ்பாவின் நான்காவது நிபந்தனை

ஒரு சமூகம் தன் கடந்தகால அநீதியை எப்படி எதிர்கொள்வது என்று உலகெங்கும் அறிஞர்கள் விவாதிக்கின்றனர். ஆணைக்குழு, நினைவுச்சின்னம், இழப்பீடு, நீதிமன்றம் என்று பல வழிகளைச் சொல்கின்றனர். நமக்கோ இதற்கு மதரஸாவின் ஆரம்ப வகுப்பிலேயே ஓர் அளவுகோல் தரப்பட்டிருக்கிறது.

தவ்பாவுக்கு உலமாக்கள் சொல்லும் நிபந்தனைகள் மூன்று: பாவத்தை விட்டு விலகுதல், அதற்காக மனம் வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என்று உறுதிகொள்ளுதல். அந்தப் பாவம் அடியார்களின் உரிமையோடு தொடர்புடையதாயின் நான்காவது ஒன்றும் உண்டு: பறித்ததை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவருடைய மன்னிப்பைப் பெற வேண்டும். தொழுகையும் நோன்பும் ஜகாத்துமாக மறுமைக்கு வந்தும், பிறரை ஏசியும் அடித்தும் அவர்கள் பொருளை உண்டும் இருந்ததால், தன் நன்மைகளையெல்லாம் அவர்களிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் மனிதனைப் பற்றிய நபிமொழியை நம்மில் அறியாதவர் குறைவு.

இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்போம். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் முஸ்லிம்களை வெளியேற்றியது ஓர் அரசியல் தவறு என்று ஏற்றுக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். வடக்கு முஸ்லிம்களுக்கும் உரிய மண் என்றார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த அந்தச் சொல்லுக்கும் மதிப்பு உண்டு. எனினும், வீடும் நிலமும் கடையும் உரியவர் கைக்கு அதனால் திரும்பவில்லை. 2009இல் போர் முடிந்தது. 2011இல் வெளிவந்த அரசின் நல்லிணக்க ஆணைக்குழு அறிக்கை வடக்கு முஸ்லிம்களின் மீள்குடியேற்றத்தைப் பற்றிப் பேசியது. அதே ஆண்டில், குடிமக்களே அமைத்த ஓர் ஆணைக்குழு வெளியேற்றப்பட்டோரின் சாட்சியங்களை ஊர் ஊராகக் கேட்டுத் திரட்டி அறிக்கை வெளியிட்டது. அவை நல்ல பணிகள்.

ஆயினும் திரும்பச் சென்றவர்கள் ஒரு பகுதியினரே. கூரையற்ற சுவர்களும் காடு மண்டிய வளவுகளும் அவர்களை வரவேற்றன. இருபதாண்டுகளில் ஒரு குடும்பம் நான்காகப் பெருகியிருந்தது. பழைய நிலமோ ஒன்றுதான். சில இடங்களில் தம் சொந்த ஊரிலேயே 'புதிதாகக் குடியேற வந்தவர்கள்' போல அவர்கள் பார்க்கப்பட்டனர். மன்னாரின் முசலிப் பகுதிக்குத் திரும்பியோர் வில்பத்துக் காட்டை அழிக்க வந்தவர்கள் என்று தென்னிலங்கையில் பழிக்கப்பட்டனர். நான்காவது நிபந்தனை இன்னும் நிறைவேறாமலே இருக்கிறது.

அரசுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். கொரோனாக் காலத்தில், 2020இல், இறந்த முஸ்லிம்களின் மய்யித்துகளைக் குடும்பத்தாரின் கண்ணீரையும் மீறி இலங்கை அரசு தகனம் செய்தது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், பிறந்து 20 நாளே ஆன குழந்தையும் அதற்குத் தப்பவில்லை. 2021 பிப்ரவரியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது. எரிந்த உடலை எவராலும் திருப்பித் தர இயலாது. அங்கே மீதமிருப்பது உண்மையை ஒப்புக்கொள்வதும், இனி அவ்வாறு நேராது என்ற உறுதியும், அந்தத் தாய் தந்தையரிடம் மன்னிப்பைக் கேட்டுப் பெறுவதும் மட்டுமே.

மன்னித்தும் மறவாத முன்மாதிரி

"மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று பாதிக்கப்பட்டவரிடம் சொல்வது எளிது. மார்க்கமும் அதையே சொல்வதாகச் சிலர் எண்ணுகின்றனர். மக்கா வெற்றி நாளில் பெருமானார் (ஸல்) அவர்கள் வழங்கிய பொது மன்னிப்பை இதற்குச் சான்றாகக் காட்டுவர். அந்த மன்னிப்பு உலக வரலாற்றிலேயே ஒளிவீசும் ஒன்று. அதோடு வஹ்ஷி (ரலி) அவர்களின் செய்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உஹதுப் போரில் ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டியெறிந்து கொன்றவர் வஹ்ஷி. பின்னாளில் இஸ்லாத்தை ஏற்றுப் பெருமானாரிடம் வந்தார். எவ்வாறு கொன்றாய் என்று பெருமானார் கேட்டார்கள். அவர் நடந்ததைச் சொன்னார். பெருமானார் பழிவாங்கவில்லை; அவருடைய இஸ்லாத்தை மறுக்கவும் இல்லை. ஆனால், தம் பார்வையில் படாமல் இருக்க இயலுமா என்று கேட்டுக்கொண்டார்கள். புகாரி பதிவுசெய்திருக்கும் இச்செய்தியில் எத்தனை பெரிய மனித உண்மை இருக்கிறது! உண்மை வாய்விட்டுச் சொல்லப்பட்டது. தண்டனை இல்லை. ஆயினும் சிறிய தந்தையை இழந்த நெஞ்சின் வலி மறைக்கப்படவில்லை. அகிலத்தின் அருட்கொடைக்கே வலி இருந்ததெனில், புத்தளத்தில் வாழும் உம்மாவிடம் "இன்னுமா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்க நாம் யார்?

இன்னொரு நிகழ்ச்சி நம்மை நோக்கியே விரல் நீட்டுகிறது. மக்கா வெற்றிக்குப் பின் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் பனூ ஜதீமா குலத்தாரிடம் அனுப்பப்பட்டார்கள். அம்மக்கள் தாங்கள் மார்க்கத்துக்கு வந்துவிட்டதைச் சரியான சொல்லில் சொல்லத் தெரியாமல் வேறு சொல்லில் சொன்னார்கள். அதை ஏற்காமல் அவர்களுள் பலர் கொல்லப்பட்டனர். செய்தி எட்டியதும் பெருமானார் கைகளை உயர்த்தி, காலித் செய்த அச்செயலுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று இறைவனிடம் இரு முறை முறையிட்டார்கள். அதோடு விடவில்லை. அலீ (ரலி) அவர்களைப் பொருளோடு அனுப்பினார்கள். கொல்லப்பட்டோருக்கு இரத்த ஈட்டுத்தொகையும், சேதமான பொருள்களுக்கு ஈடும் கொடுக்கப்பட்டன. நாய் நீர் குடிக்கும் பாத்திரத்துக்குக்கூட ஈடு கொடுக்கப்பட்டதாகச் சீறா நூல்கள் கூறுகின்றன. எஞ்சிய பொருளையும், எவருக்கும் தெரியாமல் நேர்ந்திருக்கக்கூடிய இழப்புக்காக, அம்மக்களிடமே அலீ (ரலி) விட்டுவந்தார்கள்.

செய்தவர் நம்மவர், பெரும் வீரர், நாளை நமக்குத் தேவைப்படுபவர் என்ற எந்தக் காரணமும் அங்கே அநீதியை மூடி மறைக்கவில்லை.

நம் பக்கத்துக் கணக்கு

ஆகவே 1990ஐப் பற்றிப் பேசும் வாய் வீரமுனையைப் பற்றியும் பேச வேண்டும். அதே ஆகஸ்டில், அம்பாறை மாவட்டத்து வீரமுனையில் கோயில் வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். அதில் முஸ்லிம் ஊர்க்காவல் படையினரும் பங்கேற்றனர் என்பது உயிர் தப்பிய தமிழரின் சாட்சியம். காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் பழி என்று அதை எவரும் நியாயப்படுத்த முடியாது. கோயிலில் ஒளிந்திருந்த தமிழ்க் குழந்தைக்குக் காத்தான்குடியில் என்ன பங்கு இருந்தது?

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இறந்தவர்களில் தமிழ்க் கிறிஸ்தவர் பலர். மட்டக்களப்பின் சியோன் தேவாலயத்தில் குழந்தைகள் பலர். அத்தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவன் குண்டு துளைத்த பள்ளிவாசற் சுவரைக் கொண்ட அதே காத்தான்குடியைச் சேர்ந்தவன். அந்த ஊரின் ஷுஹதாக்கள் எவரும் இப்படியொரு செயலை அவனிடம் கேட்டிருக்கவில்லை. தற்கொலைக் குண்டுதாரிகளின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. அது சரியான தொடக்கம். நம் பிள்ளைகள் அந்த ஞாயிற்றுக்கிழமையையும் அறிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குள்ளும் இப்படி இணைத்தே நினைக்க வேண்டிய இரு தேதிகள் உண்டு. 1997 நவம்பர் இறுதியில் கோவையில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார், அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர், கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14இல் அதே நகரில் வெடித்த தொடர் குண்டுகளில் 58 பேர் உயிரிழந்தனர். ஒரு சாரார் முதல் தேதியை மட்டும் நினைக்கின்றனர். மறு சாரார் இரண்டாவதை மட்டும் நினைக்கின்றனர். தந்தையை இழந்த பிள்ளைகள் இரு பக்கத்திலும் வளர்ந்து இன்று நடுவயதை நெருங்குகின்றனர். நமக்கும் நம் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்கே சாட்சி சொல்ல வேண்டும் என்ற அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தின் கட்டளை, இரண்டு தேதிகளையும் ஒரே மூச்சில் சொல்லும்படி நம்மைப் பணிக்கிறது.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

இவை அரசுகளும் இயக்கங்களும் பேச வேண்டியவை, நம் வீட்டில் இதற்கென்ன வேலை என்று தோன்றலாம். பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவை எடுத்துக்கொள்வோம். 1995 ஜூலையில் அங்கே 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். இன்றுவரை புதைகுழிகளிலிருந்து எடுக்கப்படும் எலும்புகளை அடையாளம் கண்டு, ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 11இல் பொடோச்சாரி கப்ருஸ்தானில் ஜனாஸாத் தொழுது அடக்கம் செய்கின்றனர். அதைப் பல ஆண்டுகளாக விடாமல் வலியுறுத்தி வந்தவர்கள் அங்குள்ள தாய்மார்கள். "என் மகன் எங்கே?" என்ற ஒரு வீட்டின் கேள்வியிலிருந்து தொடங்கியதுதான் அது.

நமக்கு மூன்று காரியங்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன.

முதலாவது, கேட்டு எழுதிவைத்தல். 1990இல் முப்பது வயதாக இருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். சென்னைக்கும் நாகூருக்கும் கோவளத்துக்கும் வரும் இலங்கை உறவுகளிடம் உணவு பரிமாறும் நேரத்திலேயே கேட்கலாம்; அவர்கள் விரும்பினால் கைப்பேசியில் பதிவுசெய்யலாம். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. தெருவின் பெயர், பள்ளிவாசலின் பெயர், அண்டை வீட்டாரின் பெயர் ஆகியவையே ஒரு நாள் நீதி கேட்கும்போது சாட்சியாக நிற்கும்.

இரண்டாவது, முழுமையாகச் சொல்லுதல். பிள்ளைகளுக்கு 1990ஐச் சொல்லும்போது, போத்தலில் தண்ணீர் கொடுத்தனுப்பிய அந்தத் தமிழ்ப் பெண்ணையும் சொல்ல வேண்டும். கட்டளையிட்டது ஓர் இயக்கம். அழுது நின்றது ஓர் அண்டை வீடு. இரண்டையும் ஒன்றாக்கி "தமிழர் செய்தனர்" என்று சொல்வது பொய்ச் சாட்சியாகிவிடும். ஒரு கூட்டத்தின்மேல் உள்ள பகை நம்மை நீதியிலிருந்து வழுவச் செய்யக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் எச்சரிப்பதும் இதையே.

மூன்றாவது, அண்டை வீட்டாரின் துயரையும் கேட்டல். மே 18இல் முள்ளிவாய்க்காலை நினைத்து விளக்கேற்றும் நண்பரிடம், அக்டோபர் 30ஐப் பற்றியும் நாம் சொல்லலாம். அதற்குமுன் அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்டவரிடமே சொல்ல முடியும்.

அன்றிரவு அந்த உம்மா கேட்ட கேள்விக்கு எங்கள் மகன் பிறகு தன் வழியில் விடை தேடினான். கல்லூரியின் தமிழ்த்துறைக் கருத்தரங்கில் ஈழ இலக்கியம் பற்றிப் பேச வாய்ப்பு வந்தபோது, நுஃமானின் கவிதையில் தொடங்கி ஒஸ்மானியா மைதானத்தில் முடித்தான். பேசி முடித்ததும், எப்போதும் ஈழத்தைப் பற்றி உரக்கப் பேசும் வகுப்புத் தோழன் ஒருவன் அவனிடம் வந்து, "இதை யாரும் எங்களுக்குச் சொல்லவே இல்லையே" என்றானாம். இருவரும் அன்று மாலைவரை பேசிக்கொண்டிருந்தனர் என்று கேள்விப்பட்டோம்.

யா அல்லாஹ்! ஊரிழந்தோருக்கு ஊரையும், உரிமையிழந்தோருக்கு உரிமையையும் மீட்டுக் கொடுப்பாயாக. எங்கள் நாவுகளை எமக்கு எதிராயினும் உண்மையையே சொல்லும் நாவுகளாக ஆக்குவாயாக. தொழுகையிலும் தேவாலயத்திலும் கோயில் வாசலிலும் அநியாயமாகக் கொல்லப்பட்டோரின் குடும்பங்களுக்கு ஆறுதல் தருவாயாக. எங்கள் பிள்ளைகளின் நெஞ்சில் நினைவைத் தந்து, பகையை அகற்றுவாயாக. ஆமீன்.